டிக் வேண்டாம் தம்பி, அளவை எழுதுங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். திருப்போரூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிடங்கு கட்டுகிறோம். ஈபி லைன் இன்னும் வரவில்லை. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எல்லாமே ஒரு வாடகை 62.5 கேவிஏ ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. போன மாதம் ஸ்லாப் கான்கிரீட் பாதி போட்டிருந்தபோது சூடேறி டிரிப் ஆகிவிட்டது. மறுபடி ஓட இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் போட்ட கான்கிரீட் இறுகி, புதிதாகப் போட்டது அதோடு ஒட்டாமல் கோல்டு ஜாயின்ட் விழுந்துவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை என்றார்கள். ஆனால் அன்று காலை செக்லிஸ்டிலும் 16 இடத்தில் டிக் இருந்தது. ஆபரேட்டர் அண்ணனுக்கு 15 வருட அனுபவம். “சத்தத்த வச்சே சொல்லிடுவேன் தம்பி” என்கிறார். முதலாளியோ, “வாடகை செட்டு, சர்வீஸ் அவங்க பொறுப்பு” என்கிறார். தினமும் ஸ்டார்ட் செய்யும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்? வயதில் மூத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது?

ஆலோசனை:

தம்பி, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த 16 டிக் என்ற இடம் வந்ததும் இரண்டு முறையும் நின்றுவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெனரேட்டர் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்து 31 வருடம் ஆகிறது. நான் போன தளங்களில் பெரும்பாலானவற்றில் இதே தாள்தான் தொங்கும். திங்கட்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் ஒரே பேனாவில் டிக் போட்டிருக்கும். ஆபரேட்டரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தாள் கேட்கிற கேள்வியே அப்படி. “ஆயில் சரியாக உள்ளதா?” என்று கேட்டால் “சரி” என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். “ஆயில் எவ்வளவு?” என்று கேட்டால் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்க்காமல் எழுதவே முடியாது.

உங்கள் ரேடியேட்டர் தண்ணீர் ஒரே ராத்திரியில் காணாமல் போயிருக்காது. ஹோஸ் வெடித்திருந்தால் தரையெல்லாம் நனைந்து எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அநேகமாக ஒரு வாரம், பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும். ஆபரேட்டர் அண்ணன் தினமும் ஒரு சொம்பு ஊற்றி நிரப்பியிருப்பார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் எழுதாமல் ஊற்றிய ஒவ்வொரு சொம்பும் ஒரு சாட்சியை அழித்துவிட்டது. என்றைக்கு அவர் ஊற்ற மறந்தாரோ, அன்றைக்கு உங்கள் ஸ்லாப் நின்றது.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்பது பாதி செய்தி. நேற்றைக்கு எவ்வளவு இருந்தது, நடுவில் எவ்வளவு ஊற்றினோம் என்பதையும் சேர்த்தால்தான் இன்ஜின் என்ன சொல்கிறது என்று புரியும். டிக் போடும் தாளை எடுத்துவிட்டு, கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கட்டித் தொங்கவிடுங்கள்.

முதலாளி சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாடகைக்காரர் ஒரு குறிப்பிட்ட மணிக்கணக்கில்தான் சர்வீஸுக்கு ஆள் அனுப்புவார். பல செட்டுகளுக்கு அது 250 மணி, சிலவற்றுக்கு 500 மணி. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 250 மணி ஆக 21 வேலை நாள் வேண்டும். அந்த 21 நாளில் ஆயில் குறையலாம், பெல்ட் தளரலாம், எலி வயரைக் கடிக்கலாம். அதையெல்லாம் பார்க்கக்கூடிய ஒரே ஆள் தளத்தில் இருப்பவர்தான். ஆயில் மாற்றுவதும் ஃபில்டர் மாற்றுவதும் அவர்கள் பொறுப்பு. காலையில் பார்ப்பது உங்கள் பொறுப்பு. கோல்டு ஜாயின்டை உடைத்துச் சரிசெய்த கூலியை வாடகைக்காரர் கொடுக்கவில்லை அல்லவா? முதலாளியிடம் அதையே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

எண்ணை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் 1997-இல் கண்ணால் பார்த்தேன். மீஞ்சூர் பக்கம் ஒரு சாலைப் பணித் தளம். பழைய இன்ஜின், அடிக்கடி ஆயில் கேட்கும். திடீரென்று ஒரு வாரமாக ஆயில் ஊற்றவே தேவைப்படவில்லை. ஆபரேட்டருக்குச் சந்தோஷம். தாளில் தினமும் “ஆயில் சரி”. நடுவில் ஒரு நாள் வேறு வேலையாக நான் அங்கே போயிருந்தேன். கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இருந்தது. யாரோ கூடுதலாக ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் பேரிங் பிடித்து இன்ஜின் நின்றது. கிராங்கைக் கழற்றினால் கீறல் கீறலாக இருந்தது. டீசல் ஃபீட் பம்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து, டீசல் சொட்டுச் சொட்டாக இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் இறங்கியிருக்கிறது. ஆயில் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, பேரிங்கைத் தாங்க அதில் பிடிப்பே இல்லை. ஆறு நாளும் அளவை எழுதியிருந்தால் அது ஏறிக்கொண்டே போவது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அந்தக் கம்பியை நான் ஒரு முறை முகர்ந்து பார்த்திருந்தாலே போதும், டீசல் வாசனை அடித்திருக்கும். பார்க்காமல் விட்டது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆயில் குறைந்தால் பதறுகிறோம். ஏறினால் இரண்டு மடங்கு பதற வேண்டும். ஏறுகிறது என்றால் ஒன்று டீசல், இல்லாவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. தண்ணீர் கலந்தால் ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறும். டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம், ஓடினாலே கறுக்கும்.

இனி காலைச் சுற்றுக்கு வருகிறேன். ஆட்கள் 8 மணிக்கு வருகிறார்கள் என்றால் 7.40-க்கு ஆரம்பியுங்கள். பழகும் வரை 20 நிமிடம் ஆகும். பழகிவிட்டால் 12 நிமிடத்துக்கு மேல் ஆகாது. எந்தச் சூழ்நிலையிலும் இன்ஜின் ஆறியிருக்கும்போதே பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில் ஆயிலெல்லாம் கீழே இறங்கியிருக்கும், டீசலில் கலந்த தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், ரேடியேட்டரைப் பயமில்லாமல் திறக்கலாம். ஒரு நாளில் இந்த மூன்றும் ஒன்றாக அமைகிற நேரம் அதிகாலை மட்டும்தான்.

கேனோபி, அதாவது செட்டை மூடியிருக்கும் கூண்டின் கதவைத் திறக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. கன்ட்ரோலரை ஆஃப் நிலைக்குக் கொண்டுவந்து, சாவியை எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எமர்ஜென்சி பட்டனையும் அழுத்தி வைத்துவிடுங்கள். உங்கள் தளத்தில் ஈபி இல்லாததால் செட் மேனுவலில்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். வாடகை செட்டுகள் தளம் தளமாக மாறிக்கொண்டே இருப்பவை. முன்பு எங்கோ, ஈபி போனால் தானாக ஓடும் ஆட்டோ நிலையில் வைத்த செட் அப்படியே உங்களிடம் வந்திருக்கலாம். ஒரு செல்போன் டவர் தளத்தில் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. ஈபி போன அடுத்த சில நொடியில் செட் தானாக எடுத்துவிட்டது. அந்தப் பையனுக்கு அப்போது 20 வயது. அதற்குப் பிறகு சாவி என் பையில் இல்லாமல் நான் எந்தக் கேனோபிக்குள்ளும் கை விட்டதில்லை. நீங்களும் விடாதீர்கள், ஆபரேட்டர் அண்ணனையும் விடவிடாதீர்கள். பெல்ட், ஃபேன் பக்கம் வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

பிறகு செட்டைச் சுற்றி ஒரு முறை நடங்கள். கீழே ஈரம் இருக்கிறதா? இருந்தால் விரலில் தொட்டுப் பாருங்கள்: ஆயிலா, டீசலா, கூலன்டா என்று விரலே சொல்லிவிடும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உங்கள் பக்கம் வயலும் ஏரியும் சூழ்ந்த இடம். மழை தொடங்கினால் எலி சூடான இடம் தேடி கேனோபிக்குள் கூடு கட்டும், எலியைத் தேடிப் பாம்பு வரும். வெறும் கையைத் திடீரென்று உள்ளே விடக் கூடாது. மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் காற்று இழுக்கும் ஜாலியில் சிமென்ட் சாக்கோ பாலிதீனோ ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆயில் கம்பியை உருவி, பனியன் வேஸ்டில் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். துடைக்காமல் முதல் தடவை பார்ப்பது கணக்கில் சேராது. செட் நிற்கும் இடம் சமமாக இருக்க வேண்டும். மண் தரையில் ஒரு பக்கம் அமுங்கியிருந்தால் அளவு பொய் சொல்லும். மேல் கோடு, கீழ் கோடு இரண்டுக்கும் நடுவில் முக்காலா, அரையா, காலா என்று எழுதுங்கள். முகர்ந்தும் பாருங்கள். ஊற்றினால் எத்தனை லிட்டர் என்று எழுதாமல் கேனை மூடாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியைத் துணி வைத்து மெதுவாகத் திருகித் திறந்து, தண்ணீர் கழுத்திலிருந்து எத்தனை விரற்கடை கீழே இருக்கிறது என்று பாருங்கள். அதையே எழுதுங்கள்: “ஒரு விரல்”, “இரண்டு விரல்”. தனியாக வெள்ளை டப்பா இருந்தால் அதில் உள்ள கோட்டையும் எழுதுங்கள். ஆனால் டப்பாவை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டையும் இணைக்கும் டியூபில் ஓட்டை விழுந்தால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகும். இன்னொன்று, திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் கெட்டிலில் படிகிற மாதிரி உள்ளே சுண்ணாம்பு படியும். படிந்த இடத்தில் சூடு வெளியேறாது. தண்ணீர் நிறைந்திருந்தும் சூடேறி டிரிப் ஆகும் செட்டுகளில் பல இந்த வியாதிதான். கூலன்ட் கலவை 5 லிட்டர் கேன் ஒன்றைத் தளத்தில் எப்போதும் வைத்திருங்கள். வாடகைக்காரரிடம் கேட்டால் எந்தக் கூலன்ட் என்று சொல்வார். லாரித் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் வேண்டாம்.

ரேடியேட்டரின் முன்பக்கத்தையும் பாருங்கள். எம்-சாண்ட் தூசும் ஆயில் ஆவியும் சேர்ந்து அதன் சின்னத் துளைகளை அடைத்துவிடும். அடைத்திருந்தால் உள்ளிருந்து வெளியே காற்று அடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஃபேன் பெல்ட்டை இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். 10 முதல் 15 மில்லிமீட்டர் அமுங்கினால் நல்லது. ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

ஏர் ஃபில்டரைத் தினமும் கழற்றித் தட்டுவதுதான் நல்ல ஆபரேட்டரின் அடையாளம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மண் உள்பக்கம் விழும். தட்டினால் காகிதம் கிழியும். உங்கள் தளத்து மணல் சிலிண்டருக்குள் போனால் ரிங்கும் லைனரும் தேயும். ஃபில்டர் பக்கத்தில் சின்னக் கண்ணாடிக் குழாய் மாதிரி ஓர் இண்டிகேட்டர் இருக்கும். அது சிவப்பு காட்டினால் மட்டும் கை வையுங்கள்.

டீசலுக்கு வருகிறேன். கிராமப்புறத் தளங்களில் செட் நின்றுபோக முக்கியக் காரணம் டீசலில் கலந்த தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. பேரலை நிமிர்த்தி வெட்டவெளியில் வைக்கிறோம். மழை பெய்தால் பேரலின் தலையில் தண்ணீர் தேங்கி நிற்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் பேரல் மூச்சை உள்ளே இழுக்கும். காற்றுடன் சேர்ந்து, மூடியைச் சுற்றி நிற்கிற தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பேரலை நிழலில், கட்டை மேல் வையுங்கள். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்றால் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, தண்ணீர் மூடிப் பக்கம் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பம்பின் குழாய் பேரலின் அடியைத் தொடக் கூடாது. நான்கு விரல் மேலேயே நிற்கட்டும்.

காலையில், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து, கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். எத்தனை விரல் தண்ணீர் என்று எழுதுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து தண்ணீர் வந்தால் பேரலில் கோளாறு. டேங்கைச் சாயங்காலம் செட்டை நிறுத்தி ஆறவிட்ட பிறகு நிரப்புங்கள். காலியாக வைத்தால் ராத்திரியில் சென்னைக் காற்றின் ஈரம் டேங்கின் உள்சுவரில் பனித்து வழியும். ஓடிக்கொண்டிருக்கும் செட்டில் டீசல் ஊற்றும் பழக்கம் இருந்தால் நாளைக்கே நிறுத்திவிடுங்கள்.

பேட்டரிக்கு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஒரு நாள் அளவு பெரிதாக எதுவும் சொல்லாது. திங்கள் 12.6, புதன் 12.4, வெள்ளி 12.2 என்று இறங்கினால் சார்ஜிங்கில் கோளாறு, சனிக்கிழமை செல்ஃப் எடுக்காது என்று வெள்ளிக்கிழமையே தெரிந்துவிடும். கடற்கரை உப்புக் காற்றில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. அதிலிருந்து வருவது ஹைட்ரஜன்.

எர்த்திங் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். கிரேனில் இறக்கிய வாடகை செட்டை எர்த் இல்லாமலேயே ஓட்டும் தளங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பாடிக்கு இரண்டு, நியூட்ரலுக்கு இரண்டு என்று தனித்தனியாக நான்கு எர்த் வேண்டும். ஈரக் கான்கிரீட்டில் வெறுங்காலோடு நின்று கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் நீடில் வைப்ரேட்டர் பிடிக்கிற ஆள்தான், எர்த் இல்லையென்றால் அதற்கு விலை கொடுப்பவர். காலையில் நான்கு பட்டையையும் கண்ணால் தொடருங்கள்: நட் தளர்ந்திருக்கிறதா, ஜேசிபி மோதி அறுந்திருக்கிறதா என்று. கோடையில் எர்த் குழிக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கைக்கருவிகள் எல்லாம், கரன்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாகவே போக வேண்டும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை, செட் ஓட ஆரம்பித்ததும், ஆட்கள் கருவியைத் தொடும் முன் அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அந்த போர்டில் அன்று வேலை கிடையாது.

எல்லாம் பார்த்தாயிற்று என்றால், மெயின் பிரேக்கர் ஆஃபில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃபை 10 நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். எடுக்கவில்லையென்றால் அரை நிமிடமாவது விட்டு மறுபடி. மூன்று தடவைக்கு மேல் முயற்சி வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். எடுத்ததும் ஆயில் பிரஷர் சில நொடியில் ஏற வேண்டும். 3 முதல் 5 நிமிடம் லோடு இல்லாமல் ஓடட்டும். பேஸுக்கு பேஸ் 415 வோல்ட், நியூட்ரலோடு 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பழைய வகையாக உள்ள செட் லோடு இல்லாதபோது 52 வரை காட்டும், அது கோளாறில்லை. ஆபரேட்டர் அண்ணனின் காது இந்த நேரத்துக்குத்தான். என்ன சத்தம், என்ன புகை என்று அவரைக் கேளுங்கள். மதித்துக் கேளுங்கள், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். சாயங்காலம் நிறுத்தும்போதும் லோடை எடுத்துவிட்டு அதே போல 3, 4 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். டர்போ ஆற நேரம் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகைக்கு ஒரு தனி வார்த்தை. செட்டுக்குள் வெள்ளம் ஏறிவிட்டது என்றால் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும், “வெளியில காஞ்சிருச்சு” என்று எடுத்து காயிலை எரித்துக்கொண்ட செட்டுகள் எங்கள் ஷெட்டுக்கு வந்தன. காயிலின் இன்சுலேஷனை மெகர் மீட்டர் வைத்து அளந்து, குறைந்தது 1 மெகாஓம் வந்த பிறகுதான் ஓட்ட வேண்டும். அதற்கு எலெக்ட்ரீஷியன் வரட்டும், காத்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் தங்கும் தகரக் கொட்டகை எங்கே இருக்கிறது? புகைபோக்கியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியாமலேயே உயிர் போய்விடும். நம் பக்கம் பகலில் காற்று கடலிலிருந்து வரும், ராத்திரி தரையிலிருந்து கடலை நோக்கித் திரும்பும். பகலில் பார்த்து “புகை அந்தப் பக்கம் போகுது” என்று கொட்டகையை அமைத்தால், ராத்திரியில் செட் ஓடும்போது அதே புகை கொட்டகைக்குள் போகும். எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். மழைக்கு ஒதுங்க கேனோபி பக்கத்தில் யாரையும் படுக்கவிட வேண்டாம்.

இனி ஆபரேட்டர் அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். அந்த ஸ்லாப்பைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். அவருக்கே மனதுக்குள் உறுத்திக்கொண்டிருக்கும். டீசல் கணக்கில் ஆரம்பியுங்கள். தளத்தில் டீசல் குறைந்தால் முதல் சந்தேகம் எப்போதும் ஆபரேட்டர் மேல்தான் விழும். நேர்மையான எத்தனையோ பேர் இந்தப் பேச்சைக் கேட்டு மனம் நொந்து வேலையை விட்டதை நான் அறிவேன். உங்கள் செட் முக்கால் லோடில் மணிக்கு 10, 12 லிட்டர் குடிக்கும். காலையிலும் மாலையிலும் ஹவர் மீட்டரையும் டேங்க் அளவையும் அவர் கையாலேயே எழுதி, நீங்கள் கூடக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு யாரும் அவர் மேல் விரல் நீட்ட முடியாது. “அண்ணே, இந்த நோட்டு உங்களுக்குக் காவல்” என்று சொல்லுங்கள். டீசல் எழுதுகிற கை கூடவே ஆயிலும் எழுதும், தண்ணீரும் எழுதும்.

முதல் ஒரு வாரம் நீங்களும் காலையில் அவருடன் சுற்றுங்கள். கம்பியை அவர் உருவட்டும், நீங்கள் எழுதுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அவருக்கு எழுதத் தயக்கம் இருந்தால், சிலருக்கு இருக்கும், கட்டம் போட்டுக் கொடுங்கள். எண் மட்டும் எழுதினால் போதும். அளவில் ஏதாவது மாறியதாக அவர் சொன்னால், அன்றைக்கு வேலை எவ்வளவு அவசரமாக இருந்தாலும், செட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்று முதலாளி வாயாலேயே சொல்ல வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் நோட்டு எழுதியும் பயனில்லை.

கடைசியாக, அந்த ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போனது என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. நிரப்பி ஓட்டிவிட்டார்கள் என்று மட்டும்தான் புரிகிறது. கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அன்றைக்குச் சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றினார்களா என்று கேளுங்கள். ஊற்றியிருந்தால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. வாடகைக்காரரை அழைத்து ரேடியேட்டரை பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டையில் கசிவுத் தடம் இருக்கிறதா, ஹோஸ் கிளிப்புகள் இறுக்கமா, மூடியின் ரப்பர் நல்லதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காலையில் ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடி எடுத்தவுடன் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டில் சந்தேகப்படலாம். முகத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள், சூடேறும் முன் மூடிவிடுங்கள். அவர்கள் வரும் வரை தினமும் தண்ணீர், ஆயில் இரண்டின் அளவையும், ஊற்றியதையும் எழுதி, ஏழு நாள் ஆனதும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தண்ணீர் வெளியே போகிறதா, உள்ளே போகிறதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.